ஆன்ஸ்லின் வீட்டுப் படிகள்

ஆன்ஸ்லின் வாயைத் திறந்தால் நெடுமாவிளையில் நாலு பேராவது சிரிப்பார்கள். கிறிஸ்துமசுக்குச் சபைக் கோபுரத்தில் ஸ்டாரும் சீரியல் பல்பும் கட்ட ஏறி, அங்கிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே எதுவும் அவனுடையது இல்லை என்று ஆன பிறகும் அந்த வாய் மட்டும் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஜெபம் பண்ண வந்த போதகரிடம், "ஸ்டாரு நேராட்டுதானே தொங்குது?" என்று கேட்டவன் அவன்.

அவன் வீடு மேட்டில் இருந்தது. ரப்பர் தோட்டத்து வேலியை ஒட்டி ஒரு மண்பாதை அங்கிருந்து இறங்கித் தார்ரோட்டில் முடியும். மழை பெய்தால் அது பாதையல்ல, ஓடை. சபையார் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலி வராந்தாவுக்கும் அடுக்களைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. வெளியே போக வேண்டுமென்றால் ஆட்கள் வந்து நாற்காலியோடு தூக்க வேண்டும். மனைவி ரெஜிலா அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பு தோலுரிக்கப் போய்விடுவாள். பகல் முழுக்க அவன் வராந்தாவில் உட்கார்ந்து, கீழே ரோட்டில் போகிறவர்களின் தலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான்.

"சொந்தமாட்டு உருட்டி அந்தச் சாயாக்கடை வரைக்கும் போவணும். அது போதும் எனக்கு," என்பான் ரெஜிலாவிடம்.

அதற்காகத்தான் காந்தி ஜெயந்தியன்று கிராம சபைக்குப் போனான். கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு போய்ச் சமுதாய நலக்கூடத்தில் முன்வரிசையில் வைத்தார்கள். ஊராட்சித் தலைவர் ஜான்ரோஸ் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஜான்ரோஸ் மோசமான தலைவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் வந்த பிறகுதான் மேட்டு வீடுகளில் குழாயில் தண்ணீர் வந்தது, தெருவிளக்கு எரிந்தது. என்ன கேட்டாலும் "பாப்போம்" என்று சொல்லாமல் "செய்வோம்" என்று சொல்வார்.

ஆன்ஸ்லின் முறை வந்தது. நாற்காலியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். பாதை வேண்டும் என்று கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிரே இத்தனை முகங்கள். வெகுநாள் கழித்து அவ்வளவு முகங்களை ஒன்றாகப் பார்க்கிறான்.

"தலைவருக்க வீட்டுக்குப் போற வழியப் பாத்தியளா? கல்லு பாவி கண்ணாடி போல கிடக்கு. அவருக்க பட்டி கூட காலு நோவாம நடக்குது. நெடுமாவிளையில மனுசனாட்டு இருக்கதுக்குத் தலைவருக்க வீட்டுல பட்டியாட்டு இருந்தா கொள்ளாம்."

தலைவர் வீட்டு நாயை எல்லோருக்கும் தெரியும். கூடம் சிரிப்பில் வெடித்தது. பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஊராட்சிச் செயலர் குனிந்து எதையோ தேடுவது போலச் சிரித்தார். ஜான்ரோசும் சிரித்தார். "எழுதும் ஓய். ஆன்ஸ்லின் வீட்டுக்குக் காங்கிரீட் பாதை," என்று செயலரிடம் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது.

அந்த வார்த்தை ஊரில் நடமாட ஆரம்பித்தது. ஜான்ரோசின் நாயைக் கண்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் "தலைவரே, சொகமா?" என்று கேட்டார்கள். ஜான்ரோசின் மனைவியே வீட்டில் அவரிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள் என்று பிறகு ஒரு பேச்சு. ஜான்ரோஸ் யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

பாதை வேலை யாரும் நினைக்காத வேகத்தில் தொடங்கியது. மேலே ஆன்ஸ்லின் வீட்டு வாசலிலிருந்து கீழ்நோக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அகலமான, வழவழப்பில்லாத, நல்ல காங்கிரீட். கொத்தனார் முத்துநாயகம் மட்டப்பலகையை இழுக்க இழுக்க ஆன்ஸ்லின் வராந்தாவில் இருந்தபடி பேச்சுக் கொடுத்தான். ஈரம் காய்ந்த பகுதியில் நாற்காலியை உருட்டிப் பார்த்தான். கொஞ்சம் தூரம் போனான், திரும்பினான். யார் கையும் படாமல். அன்று மாலை ரெஜிலா வேலை விட்டு வந்தபோது அவன் பாதிப் பாதையில் வந்து காத்திருந்தான். அவள் அங்கேயே நின்று அழுதாள்.

"ஜான்ரோஸ் அண்ணனப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கப்பிடாது. நல்ல மனுசன்," என்றான் அவன்.

ரோட்டுக்கு இறங்கும் கடைசி இடம்தான் நல்ல சரிவு. அங்கே முத்துநாயகம் பலகை அடித்ததைப் பார்த்து ரெஜிலாவுக்கு முதலில் விளங்கவில்லை. மறுநாள் அது படிகளாக நின்றது.

"அண்ணா, இது என்னத்துக்கு? படியில வண்டி எப்படி இறங்கும்?"

முத்துநாயகம் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். "கெட்டச் சொன்னத கெட்டினேன் பிள்ளே. எனக்கிட்ட கேக்காத."

அவள் அண்டி ஆபீசுக்குப் போகாமல் நேரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். ஜான்ரோஸ் அவளை உட்காரச் சொல்லி, டீ சொன்னார்.

"சரிவாட்டு போட்டா மழையில பாசி பிடிக்கும். பிள்ளைய, வயசானவிய எல்லாம் நடக்கிய வழி. ஒருத்தனுக்கு வேண்டி ஊரு முழுக்க வழுக்கி விழவா? அவன் விழுந்தது போதாதா?"

"அண்ணா, பாதையே அவருக்கு வேண்டித்தானே போட்டது."

"காங்கிரீட் பாதைன்னுதான் தீர்மானம். போட்டாச்சு. படி வேண்டாம்னு அதுல இல்லியே." அவர் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "அடுத்த கிராம சபையில வந்து கேக்கச் சொல்லு. அவனுக்குத்தான் பேசத் தெரியுமே."

அவள் எழுந்தபோது அவர் குரல் அதே கனிவோடு வந்தது. "பின்ன ரெஜிலா, எனக்க வீட்டுப் பட்டி சொகமாட்டு இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு, என்ன?"

இதை அவள் ஆன்ஸ்லினிடம் சொல்லவில்லை. படி வேண்டும் என்பது சட்டமாம் என்று மட்டும் சொன்னாள்.

திறப்பு விழா ஒரு வேலை நாளில் நடந்தது. ரெஜிலா போய்விட்ட பிறகு ஜான்ரோசின் ஆட்கள் மேலே வந்து, "தலைவர் உன்னய விளிக்கியாரு. நீதான் ரிப்பன் வெட்டணும்," என்றார்கள். ஆன்ஸ்லின் அவர்களிடமே வெள்ளைச் சட்டையை எடுத்துத் தரச் சொல்லிப் போட்டுக்கொண்டான். படிகளில் அவனை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ரோட்டோரம் ஷாமியானா, மைக், கேசரி. அவன் ரிப்பன் வெட்டினான். ஜான்ரோஸ் குனிந்து அவனுக்குத் துண்டு போர்த்தினார். மாற்றுத்திறனாளி ஒருவரின் கனவு நனவானது என்று மைக்கில் சொன்னார்கள். படிகள் தெரியாத கோணத்தில் போட்டோ எடுத்தார்கள்.

பிறகு எல்லோரும் கலைந்தார்கள். ஷாமியானாவைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். நாற்காலியை இறக்கியவர்கள் அந்த வண்டியிலேயே ஏறிப் போனார்கள். ஆன்ஸ்லின் துண்டும் கையுமாகப் படிகளுக்குக் கீழே இருந்தான்.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை நாள் ஆசை, உருட்டிக்கொண்டு சாயாக்கடைக்குப் போனான். பேசினான். சிரித்தார்கள். ஆனால் "மக்களே, என்னய ஒண்ணு மேல கேத்தி விடுங்கலே," என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வந்தது. ஒருவனுக்கு இடுப்பு வலி. இன்னொருவன் தோட்டத்தில் ரப்பர் பால்ஷீட் எடுக்கப் போக வேண்டும் என்று எழுந்தான். ஆன்ஸ்லின் தன் கூட்டாளிகளில் ஒருவனுக்குப் போன் போட்டான். கூட்டாளி தயங்கிவிட்டு, "தலைவர் ஒண்ணும் நினைக்க மாட்டாருல்லா?" என்று கேட்டான். ஆன்ஸ்லின் போனை வைத்துவிட்டான். ரெஜிலாவின் போனை அண்டி ஆபீசில் வேலை நேரத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

வெயில் ஏறியது. மேலே பக்கத்து வீட்டு ஞானபாய் துணி காயப்போடுவது தெரிந்தது. அவன் கூப்பிட்டான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் காலோடு கட்டியிருந்த மூத்திரப் பை நிறைந்துகொண்டிருந்தது. வீட்டில் என்றால் அவனே கழற்றிக் கொட்டிவிடுவான். இங்கே ரோட்டில், கடைக்கு முன்னால், எல்லோரும் பார்க்க அவனால் முடியவில்லை. பை புடைத்து வேட்டிக்கு வெளியே தெரிந்தது. துண்டை எடுத்து மூடிக்கொண்டான்.

ஜான்ரோசின் கார் திரும்பி வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. சாயாக்கடை முன்னால் நிறுத்தி, இறங்கி, ஒரு சாயா சொல்லிவிட்டு அவனைப் பார்த்தார்.

"இன்னும் போவல்லியா டே?"

"அண்ணே, வீட்டுல கொண்டு விடச் சொல்லணும்."

"கேக்கல்ல."

"வீட்டுல கொண்டு விடணும், அண்ணே."

"அன்னைக்கு மைக்கு இல்லாமலே கூடம் முழுக்க கேட்டுது. இப்ப தொண்டைக்கு என்ன?"

ஆன்ஸ்லின் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நான் அன்னைக்கு சொன்னது தப்பு அண்ணே."

"என்ன சொன்ன? எனக்கு மறந்து போச்சு. ஒண்ணூடச் சொல்லு."

ஆன்ஸ்லின் சுற்றிலும் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருவன் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான்.

"நெடுமாவிளையில மனுசனாட்டு இருக்கதுக்கு," என்று தொடங்கி நிறுத்தினான்.

"முழுசும் சொல்லு டே. நல்ல தமாசுல்லா?"

அவன் முழுவதும் சொன்னான். அதே வார்த்தைகள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜான்ரோஸ் பொறுமையாகக் காத்திருந்து, கடையைச் சுற்றிப் பார்த்து, "பாத்தியா, ஆருக்கும் சிரிப்பு வரேல்ல," என்றார். சாயாவைக் குடித்து முடித்தார். அப்புறம்தான் கையைக் காட்டினார். இடுப்பு வலிக்காரன் உட்பட எல்லோரும் எழுந்து ஓடி வந்தார்கள். தூக்கும்போது குழாய் இழுபட்டுக் கழன்றது. படிகளில் ஏறும் வழியெல்லாம் நனைந்தது. தூக்கியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ரெஜிலா அந்த வீடியோவை அண்டி ஆபீஸ் வாசலிலேயே பார்த்தாள். போன் திரும்பக் கைக்கு வந்ததும் பக்கத்தில் இருந்தவள், "இது உனக்க மாப்பிளை அல்லியா?" என்று நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து அவனைக் குளிப்பாட்டினாள். வேட்டியை அலசிப் போட்டாள். கஞ்சியை அவன் வாயருகே கொண்டுபோனபோது மட்டும், "நீங்க எதுக்கு அதச் சொன்னிய? செத்தாலும் சொல்லியிருக்கப்பிடாது," என்றாள். அவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். கஞ்சி அவள் மடியில் சிதறியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் அப்படி நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கச் சபையில் இருந்தபோது, அவள் மண்வெட்டி, கம்பிப்பாரையோடு கீழே இறங்கினாள். புதுக் காங்கிரீட் லேசில் விடவில்லை. உள்ளங்கை கிழிந்தது, புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு குத்தினாள். ஆராதனை முடிந்து வெள்ளை உடுப்பும் கையில் வேதப்புத்தகமுமாக ஆட்கள் வரும்போது படிகளில் பாதி நொறுங்கிக் கிடந்தது. அந்தக் கற்களையே நிரவிச் சரிவாக்கிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

கூட்டம் ரோட்டில் நின்றது. யாரும் கிட்டே வரவில்லை.

ஞானபாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் எப்படிட்டீ இனி வீட்டுல ஏறுவேன்? உனக்க மாப்பிளை நடக்காட்டி, ஊருல ஒருத்தரும் நடக்கப்பிடாதா?"

"இத்தன நாளும் மண்ணுல ஏறத்தானே செய்திய மாமி?"

"நல்ல வழி வந்த பிறகு நான் எதுக்கு மண்ணுல ஏறணும்?"

ஆமாம் என்று இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன. ஜான்ரோஸ் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. போனை எடுத்துப் பேசினார்.

பொதுச் சொத்துக்குச் சேதம் என்று ஸ்டேஷனில் எழுதினார்கள். ரெஜிலாவைச் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மேலே வீட்டில் ஆன்ஸ்லின் தனியாக இருந்தான். அதை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஜான்ரோசே வந்து, "பாவப்பட்ட பெண்ணு, கேசு வேண்டாம் சார்," என்றார். எஸ்.ஐ. அவரைப் பெரிய மனுசன் என்று புகழ்ந்தார்.

"உடச்சத அவளே கெட்டித் தந்தா போதும்," என்றார் ஜான்ரோஸ். "ஊருக்கும் ஒரு சமாதானம் வேண்டாமா?"

ரெஜிலா கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

முத்துநாயகம் மறுபடியும் வந்து பலகை அடித்தார். அவருக்குக் கையாள் ரெஜிலாதான். ஊராட்சி அலுவலகத்திலிருந்து சிமெண்டை அவள் தலையில் சுமந்து வந்தாள். மணல் சுமந்தாள், ஜல்லி சுமந்தாள், கலவை குழைத்தாள். கையில் கட்டியிருந்த துணிக்குள் சிமெண்ட் இறங்கி எரிந்தது. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். முத்துநாயகம் ஒருமுறை கரண்டியை நிறுத்தி, மேலே வராந்தாவைப் பார்த்துவிட்டு, கலவையை எடுத்து அடுத்த படியில் போட்டார்.

ஒவ்வொரு படியும் முன்பு இருந்ததைவிடச் சற்று உயரமாகவே அமைந்தது.

முடிந்ததும் ஜான்ரோஸ் வந்து சுற்றிப் பார்த்தார். "கொள்ளாம்," என்றார். "காலையும் சாயங்காலமும் நனச்சு விடு பிள்ளே. நனைக்காட்டி வெடிச்சுப் போவும். பின்னயும் நீதான் கெட்டணும்."

அதனால் அவள் அண்டி ஆபீசுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் குடத்தில் தண்ணீர் எடுத்துப் படிகளில் ஊற்றினாள். ஆன்ஸ்லின் நாற்காலியை வாசல் விளிம்பு வரை உருட்டி வந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்டேஷனிலிருந்து அவள் திரும்பிய நாளிலிருந்து அவன் வாய் திறக்கவில்லை. அவள் சோறு கொடுத்தால் தின்றான், திருப்பிப் படுக்க வைத்தால் படுத்தான்.

ஒரு சாயங்காலம் அவள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது மேலிருந்து அவன் குரல் கேட்டது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி, கடைசிப் படியில அந்த மூலை நனையல்ல."

அவள் இன்னொரு குடம் கொண்டுவந்து அந்த மூலையிலும் ஊற்றினாள்.