மூலையில்லாத ரோபோ

மார்ச் பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, நகர உள்விளையாட்டரங்கின் மூன்றாவது ஆய்வு மேசையில், மாணவர் போட்டிக்கு வந்த ஒரு ரோபோ பம்பர் விதிப்படி நிறுத்தி வைக்கப்பட்டது.

நிறுத்தியவர், அணித்தலைவியின் சொந்தச் சித்தப்பா. வாரம் முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் காரைச் சுற்றி வந்து பணம் கிடையாது என்று சொல்வது அவர் வேலை. சனிக்கிழமை அதையே சம்பளமில்லாமல் செய்ய இங்கே வந்திருந்தார். இரண்டு மேசை காலியாக இருந்தும், சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார் என்று நம்பி இவள்தான் ரோபோவை அவரிடம் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அணியில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பம்பர் என்பது பலகைமேல் நுரைக்குழாய் வைத்துத் துணி சுற்றிய மெத்தை. ரோபோக்கள் முட்டிக்கொண்டால் உடையாமல் காக்கும். ஒவ்வொரு மூலையிலும் இருபுறமும் ஒரு சாணுக்கு அது இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற இடம் திறந்திருக்கலாம். வக்கீல் யோசித்தாள். ரோபோவின் முன்பக்கத்தையே அரைவட்டமாக அறுக்கச் சொன்னாள். மூலை போயிற்று, மூலையோடு பம்பரும் போயிற்று. முன்பக்கம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு, புள்ளி தரும் பந்துகளை அள்ளியது. பலகை அறுக்கும் ஆணி என்கிற பையன் மட்டும், "இது வில்லங்கம்டி" என்றான். அவனைக் கோழை என்று சொல்லி வாயை அடைத்திருந்தாள்.

"முன்னாடி பம்பர் எங்கம்மா?" என்றார் சித்தப்பா.

"மூலைக்குத்தானே பம்பர், சித்தப்பா? முன்னாடி மூலையே இல்லையே."

"அட! யார் ஐடியா?"

"என்னோடதுதான்."

"சந்தேகமே இல்ல. உங்கப்பன் மாதிரியே பேசுற." பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். "விதி எத்தனை தடவை படிச்சே?"

"மனப்பாடம்."

"முதல் பக்கத்துல சொல்விளக்கம்?"

வக்கீல் புருவத்தை உயர்த்தினாள். சொல்விளக்கத்தை யாராவது படிப்பார்களா?

"நான் பாலிசியில அதைத்தான் முதல்ல படிப்பேன். மத்ததெல்லாம் அலங்காரம்." நூலை ரோபோவைச் சுற்றி இறுக்கினார். "நூல் எங்கெல்லாம் திரும்புதோ அதெல்லாம் மூலைன்னு போட்டிருக்கு. நேர்ப்பக்கத்துல நூல் திரும்பல. உன் அரைவட்டத்துல பாரு, போற வழியெல்லாம் திரும்பிக்கிட்டே இருக்கு. மூலையே இல்லைன்னு நீ சொல்றே. எல்லாமே மூலைன்னு நூல் சொல்லுது. முன்பக்கம் முழுக்க பம்பர் போடு."

"போட்டா பந்து உள்ள வராது, சித்தப்பா! நாங்க எதுக்கு வந்தோம்?"

"அதை அறுக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். பதினொன்றரைக்குள்ள கொண்டு வா, பாஸ் பண்றேன். இல்லைன்னா கேலரியில உட்கார்ந்து கைதட்டு."

தலைமை ஆய்வாளரிடம் முறையிட்டு ஜெயித்தாலும் பதினொன்றரை தாண்டிவிடும். பதினொன்றரை ஆட்டம்தான் தகுதிச் சுற்றில் அவர்களுக்குக் கடைசி. பள்ளியில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். ஆணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "போடு."

"என்ன போடு?"

"பம்பரைத்தான். வாயை மூடிக்கிட்டுப் போடு."

"நான் வாயைத் திறக்கவே இல்லையே," என்றான் ஆணி. சொல்ல முடியாத சந்தோஷத்தில் இருந்தான். அறுத்த மரத்துண்டுகளை வளைவில் வரிசையாக அடித்தான். பக்கத்து அணி இரண்டு நுரைக்குழாய் கொடுத்தது. ஆனால் துணி இல்லை. அதுவும் சிவப்பில் வேண்டும்; பக்கத்துக்கு மூன்று ரோபோ ஆடும் அந்த ஆட்டத்தில் அவர்கள் சிவப்புப் பக்கம். வக்கீல் வாசலுக்குப் போய், பள்ளி முதல்வர் கைகூப்பி வாழ்த்தும் சிவப்புத் துணிப் பதாகையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். பம்பரில் அணி எண்ணைத் தவிர வேறு படம் கூடாது. அதனால் முதல்வரின் முகத்தை நுரைப்பக்கம் திருப்பி ஸ்டேப்ளரால் அடித்தார்கள்.

சித்தப்பா நூலைச் சுற்றிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். "இனி இது என்ன பண்ணும்?"

"முட்டும்," என்றாள் வக்கீல்.

ரிமோட் அவள் கையில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பந்தையும் வீணாக்காத ஒரு ரோபோ இருந்தது. அதை ஆட்டம் தொடங்கியதுமே ஓரச்சுவரோடு நெருக்கினாள். அது பின்வாங்கினால் பின்னால் போனாள், திரும்பினால் குறுக்கே நின்றாள். அதன் ஓட்டுநர் பையன் நடுவரைப் பார்த்துக் கத்தினான். நடுவர் பம்பரைப் பார்த்தார், முழுசாக இருந்தது. தவறென்று கையை உயர்த்தவில்லை.

கூட்டாளி ரோபோக்கள் போட்ட பந்துகளில் சிவப்புப் பக்கம் ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. வக்கீலின் ரோபோ ஒரு பந்தும் எடுக்கவில்லை. மாலையில் இறுதிச் சுற்றுக்குக் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுத்தபோது எந்த அணியும் அவர்களை அழைக்கவில்லை.