அணைக்கு மேலே இருக்கிற கெண்டைங்க

...கலந்துடாதீங்க, கலந்துடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லும் இந்தப் பொண்ணு, எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சு, தடுப்பணைக்கு மேல புடிச்ச கெண்டை செவப்பு வாளி, கீழ புடிச்சது நீல வாளி, அவ்ளோதானே, மேல் கீழ்னு சீட்டு வேற ஒட்டியிருக்கா, நானும் எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன், போதாதா... மீனைப் படிக்க மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கா, அறிவுமதின்னு பேரு, ஒவ்வொண்ணா எடுத்து வாலோரத்தைத் துளி நறுக்கிச் சீசாவுல போடுறா, வெயில் மண்டையைப் பொளக்குது, அடி அண்ணாமலை ஊருக்குப் பின்னால இந்த ஓடையில சட்டி தூக்கி அணை கட்டுனதே நானும் பலராமனும்தான், அன்னைக்கு எவனும் மீனைப் பத்திக் கேக்கலை, இப்போ வந்து, "செவுரு வந்தப்புறம் கீழ இருக்கிறது மேல ஏற முடியலைங்கய்யா, மேல மாட்டிக்கிட்டதுங்க தங்களுக்குள்ளயே குஞ்சு பொரிச்சு எல்லாம் ஒரே வகையா ஆயிடுச்சு, ஒரு சீக்கு வந்தா மொத்தமாப் போயிடும்"னு சொல்லிட்டு, பாட்டிலைத் தொறந்து தண்ணி குடிக்கிறா. யாரைச் சொல்றே நீ? வலையைப் பிழிஞ்சிக்கிட்டே பலராமன், "இன்னா மாமா, மீனுக்குக்கூட சொந்தத்தை வுட்டு அசல்லதான் பொண்ணு எடுக்கணுமாம்"னு பல்லைக் காட்டுறான், அந்தப் பல்லை அப்படியே தட்டலாமான்னு இருக்கு.

என் அக்கா மகன் அவன், அவன்கூடப் பொறந்த ரேணுகாம்பாளைத்தான் நான் கட்டுனேன், இப்போ எங்க பொண்ணு ஓவியாவை அவனுக்குக் கேக்குறாங்க, தாய்மாமன் முறையாம், சாயந்திரம் அக்கா பூவும் பழமுமா வருது, நான் சரின்னு சொல்லணும். சின்னவன் எழிலு... பதினாறு வயசாவுது, நின்னதில்லை, இன்னும் இடுப்புல தூக்கிட்டுத்தான் கொல்லைக்குப் போறேன், சொந்தத்துலயா கட்டுனீங்கன்னு டாக்டரம்மா கேட்டப்போ அது உனக்கு இன்னாத்துக்கும்மான்னு எழுந்து வந்துட்டேன், இந்தப் பொண்ணு என்னைக் கேக்கவே இல்லையே, மீனைத்தானே சொல்லுச்சு, அப்புறம் ஏன் எனக்கு இவ்ளோ எரியுது? ஊர்ல எத்தனை பேரு சொந்தத்துல கட்டியிருக்கான், எல்லார் வூட்லயுமா இப்படி, ஓவியா நல்லாத்தானே இருக்கா, ரெண்டு வாளியையும் குனிஞ்சு பார்க்கிறேன், ஒரு வித்தியாசமும் தெரியலை, தெரியாததாலதான் கோவம் ஜாஸ்தியாவுது.

"ஆவணியில வச்சிக்கலாம் மாமா, மண்டபம் நான் பேசிடுறேன்." வாயை மூடிட்டு வலையைப் போடுடான்னேன். ஏதோ முனகிக்கிட்டுத் தண்ணியில எறங்குறான், அவன் மேல எனக்கு இன்னா கோவம், கெட்டவனா அவன்? இல்லையே... வேணாம்னு அக்காகிட்ட சொல்லிடலாம், அக்கா மண்ணை வாரித் தூத்தும், தூத்தட்டும். ஆனா அந்த வார்த்தையைச் சொல்றப்போ ரேணுகாம்பாள் பக்கத்துலதானே நிப்பா, எழிலை மடியில வச்சிக்கிட்டு.