கால் மணி நேர நிலா

டாஃப்னி நிலாவுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். நான் ஏணியில் ஏறி நின்று அவளுடைய ஹெல்மெட் கண்ணாடியின் உட்புறத்தில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கீழே யாரோ கொட்டாவி விட்டார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனால் அந்த அரங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் கண்ணில் பட்டது.

"மணி என்ன மேபல்?" என்றாள் டாஃப்னி.

"எனக்கெப்படித் தெரியும்? வாய மூடு. பேசினா கண்ணாடி மங்கிடும்."

உடைகளுக்குப் பொறுப்பு நான். அவள் போட்டிருந்த விண்வெளி உடுப்பு போரில் மிஞ்சிய விமானப்படைச் சட்டை. உள்ளே பஞ்சைத் திணித்து, முதுகில் வீடு பெருக்கும் இயந்திரத்தின் ரப்பர் குழாய்கள் இரண்டைத் தைத்திருந்தேன். ஆண்களுக்கென்று அளவெடுத்ததை அவளுடைய இடுப்புக்கும் தோளுக்கும் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் என் விரல் நுனியெல்லாம் சல்லடை. நிலா என்பது கொதிகலன் சாம்பலும் தக்கைத் தூளும் சிமென்ட்டும். அதற்குப் பின்னால் கறுப்புத் துணி. துணியில் துளை போட்டுச் சொருகிய குட்டி பல்புகள்தான் நட்சத்திரங்கள்.

அந்த பல்புகளைச் சொருகியவன் லென், டாஃப்னியின் கணவன். விளக்குக்காரர்களின் தலைவன், போதாததற்குத் தொழிலாளர் சங்கப் பிரதிநிதி. அவன் பெரிய விளக்கின் அடியில் பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். அவனும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் படத்தில் ஆறு பேர் நிலாவுக்குப் போகிறார்கள். ஐந்து ஆண்கள், ஒரு பெண் டாக்டர். டாக்டர் என்று பேர்தான். போகிற வழியெல்லாம் அவள் எல்லாருக்கும் கோகோ ஊற்றிக் கொடுக்கிறாள். ஒரு தடவை மயங்கி விழுகிறாள். விண்கல் இடிக்கும்போது, "நாம பிழைப்போமா கேப்டன்?" என்று கேட்கிறாள். ஆனால் கடைசியில் ஒரு காட்சி உண்டு. கேப்டன் பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறான், மற்றவர்கள் காற்றில்லாமல் சுருண்டுவிட்டார்கள். டாக்டர் தன்னந்தனியாக ராக்கெட்டை விட்டு இறங்கி, நிலா முழுவதும் நடந்து போய் அவனைக் கொண்டுவருகிறாள். வசனம் கிடையாது, நடை மட்டும்தான். வருஷக்கணக்காக நர்ஸாகவும் டைப்பிஸ்ட்டாகவும் டெலிபோனில் கேட்கும் குரலாகவும் வந்துபோன டாஃப்னி, இந்தப் படத்துக்கு ஒப்புக்கொண்டதே அந்த ஒரு நடைக்காகத்தான்.

தயாரிப்பாளருக்கு அந்தக் காட்சி ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒரு பெண் தனியாக நிலாவில் நடந்தால் எவன் நம்புவான் என்றார். ராக்கெட்டில் கோகோ ஊற்றினால் மட்டும் நம்புவார்களாம்! இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளிக் கடைசி நாளின் கடைசி வேலையாக அதைப் போட்டார். கேப்டன் தானே தவழ்ந்து ராக்கெட்டுக்குத் திரும்புவது போல முன்கூட்டியே ஒரு காட்சித் துண்டை எடுத்தும் வைத்துக்கொண்டார். இன்று மாலைக்குள் முடியாவிட்டால் நாளைக் காலையில் நிலாவை வாரிக் கொட்டிவிட்டு, கடற்கொள்ளைக்காரர்கள் படத்துக்குக் கப்பல் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கேப்டன் தவழ வேண்டியதுதான்.

அந்த நடையை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் நடிகர்கள் எல்லாரும் நிலாவில் அரண்மனைக் காவல்காரர்களைப் போலத் தொம் தொம்மென்று நடந்தார்கள். டாஃப்னி மட்டும் பொது நீச்சல் குளத்துக்குப் போய், பெண்களுக்கான நேரத்தில், மார்பளவு தண்ணீரில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தாள். குளத்துக் காவல்காரி அவளைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டாள். ஒருநாள் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். குதிகால் தரையை விட்டுக் கிளம்பும். கிளம்பிய உடம்பு அவசரப்படாமல் பின்னாலேயே போகும். மேலே ஒரு கணம் யோசிப்பது போல நின்று, பிறகு இறங்கும். போயே தீர வேண்டும் என்ற தவிப்பும், போக விடாத இடமும் அந்த நடையில் சேர்ந்தே இருந்தன. அவளுடைய துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தண்ணீரில் நடக்கிறவளைப் பார்த்து அழுவார்களா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முதல் தடவை எடுத்தபோது அவளைத் தூக்கியிருந்த கம்பிகள் வெளிச்சத்தில் பளபளவென்று தெரிந்துவிட்டன. கம்பிகளைக் கவனிக்கும் சிரில் ஏறிப் போய் அவற்றுக்கு மறுபடி கறுப்பு பூசினான். இரண்டாவது தடவை அவள் இரண்டடி வைப்பதற்குள் கண்ணாடி மங்கியது. அவள் காயப்போட்ட துணி மாதிரி பக்கவாட்டில் சுழன்றாள். மூன்றாவது தடவைக்கு எல்லாம் தயாரானபோது கேமராவில் பிலிம் தீர்ந்திருந்தது. பையன்கள் மாற்றப் போனார்கள். போனவர்கள் வருவேனா என்றார்கள். வாயில் வைத்திருந்த குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே அரங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன்.

எங்கள் ஸ்டூடியோக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மணி அடித்தால் வேலை முடிந்தது. காட்சி பாதியில் நின்றால் இயக்குநர் கூடுதலாகக் கால் மணி நேரம் கேட்கலாம். அதை ஆட்களிடம் சங்கப் பிரதிநிதிதான் கேட்க வேண்டும், எல்லாரும் கை தூக்க வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் விளக்கு அணைந்துவிடும். மற்ற நாளாக இருந்தால் இது ஒரு பேச்சே இல்லை. ஆனால் போன வாரம் விளக்கு மேடையில் சூடு தாங்காமல் விளக்குக்காரன் வில்ஃப் மயங்கி விழுந்தான். ஆபீஸ்காரர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பி, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லென் சாப்பாட்டு அறையில் மேஜை மேல் ஏறி நின்று, வில்ஃப் திரும்பி வரும்வரை இந்தக் கம்பெனிக்கு ஒரு கால் மணியும் கிடையாது என்றான். கூரை அதிரக் கை தட்டினோம்.

காலையில் உடுப்பை மாட்டிவிடும்போது டாஃப்னியிடம் கேட்டிருந்தேன். "லென்கிட்ட பேசினியா?"

"என்னத்தப் பேச? கேட்டா அவனால குடுக்கவும் முடியாது, குடுக்காம இருக்கவும் முடியாது. ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தான். நான் தூங்கற மாதிரி கெடந்தேன்."

இப்போது இயக்குநர் ஆல்ட்ரிட்ஜ் தொண்டையைச் செருமினார். யாரையும் நேராகப் பார்த்துப் பேசாத மனிதர். கடிகாரத்தைப் பார்த்து, "லென், கால் மணி கேட்டுப் பாருங்களேன்," என்றார்.

லென் சிகரெட்டை எடுத்துக் காதில் சொருகினான். தொப்பியைக் கழற்றினான். "எல்லாரும் கேட்டுக்கங்க. கால் மணி கேக்கறாங்க. யார் யார் தரீங்க?"

ஒருத்தரும் அசையவில்லை. மேலே தொங்குகிறவளைப் பார்க்க எல்லாருக்கும் கூச்சம். பிறகு கூரைச் சட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் குரல் கொடுத்தான்.

"நாங்க தரோம் தலைவரே. வில்ஃப் விஷயத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஆபீசுக்கா தரோம்? உன் வீட்டம்மாவுக்குத்தானே!" என்றான் சிரில். "இன்னிக்கு மாட்டேன்னா ராத்திரி உனக்குச் சோறு கிடைக்காதுய்யா."

எல்லாரும் சிரித்தார்கள். கட்டிப்போட்டிருந்தது அவிழ்ந்த மாதிரி இருந்தது. கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. என் கைதான் முதலில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கேமராக்காரர்கள், தச்சர்கள், டீ வண்டிக்காரி வரைக்கும். அப்போது நிலாவுக்கு மேலே கொழுத்த ரப்பர் கையுறை ஒன்று மெல்ல உயர்ந்தது. நடிகர்களுக்கு ஓட்டு கிடையாது. அது அவளுக்கும் தெரியும். சிரிப்பு இன்னும் பெரிதானது.

லென் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் கை ஏறல," என்றான்.

"என்னய்யா விளையாடறியா?"

"விளையாடல சிரில். இன்னிக்கு எம் பொண்டாட்டிக்குன்னு குடுத்துட்டு, நாளைக்கு இன்னொருத்தனப் பாத்து எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாட்டேன்னு சொல்றது? வில்ஃப் ஜன்னலோரம் உக்காந்து நம்மளத்தான் நம்பிட்டிருக்கான்."

"இந்தக் காட்சி இல்லேன்னா ஆபீசுக்கு ஒரு நஷ்டமும் இல்லடா!" என்று கத்தினேன். "அவங்களுக்கு இது சந்தோஷம்! அடி விழறது அவளுக்கு மட்டும்தான்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"மேஜை மேல நின்னு நான் பேசினப்ப நீயும்தானே மேபல் கை தட்டின?"

அவன் மேல் வந்த கோபம் அப்படியே இருந்தது. அதைப் போட இடம்தான் இல்லை. ஆல்ட்ரிட்ஜ் டீக் கோப்பையைத் தேடினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை நான் பார்த்தேன். சாகும்வரை மறக்க மாட்டேன்.

மணி அடித்தது. லென் தானே போய்ப் பெரிய விசையை இறக்கினான். விளக்குகள் அணைந்தன. ஆனால் நட்சத்திரங்களுக்குத் தனி விசை. அவை எரிந்துகொண்டிருந்தன. அந்தக் கறுப்பில், குட்டி வெளிச்சங்களுக்கு நடுவே, கம்பி எதுவும் தெரியாமல், கையை இன்னும் கீழே இறக்காமல் டாஃப்னி மிதந்தாள். இதுவரை எடுத்த படம் முழுவதிலும் அப்படி ஒன்று இல்லை. கேமரா வாயைத் திறந்துகொண்டு காலியாக நின்றது.

"நட்சத்திரத்த என்ன பண்றது லென்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதையும்தான்," என்றான். ஆனால் அந்த விசையை இறக்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.

துப்புரவுக்காரர்களுக்கென்று வைத்திருந்த விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் அவளை இறக்கினார்கள். கம்பிகளை அவளே கழற்றினாள். ஹெல்மெட்டை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியை மட்டும் உயர்த்தினாள்.

"டாஃப்னி..." என்றான் லென்.

"நீ சொன்னது சரிதான் லென். அதனாலதான் உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல."

கண்ணாடியை இறக்கிவிட்டாள். சாம்பல் மேல் எங்களைப் போலவே சாதாரணமாக நடந்து, கறுப்புத் துணியைச் சுற்றிக் கடந்து, பெரிய கதவு வழியாக வெளியே போய்விட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அடியே, உடுப்பு! நான் கணக்குச் சொல்லணும்டி!" என்று பின்னாலேயே ஓடினேன். லென் நாற்காலியில் கிடந்த அவளுடைய மேல்கோட்டையும் கைப்பையையும் வாரிக்கொண்டு என்னை முந்தினான்.

வெளியே நவம்பர் மூடுபனி, ஆற்றிலிருந்து ஏறி வந்து சாலையை விழுங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டாஃப்னி அவர்களைத் தாண்டி முன்னால் போய் நின்றாள். காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வரிசை பின்னாடி இருக்கு தம்பி," என்றாள்.

டாஃப்னி திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். லென் அவளுக்குப் பின்னால் நின்றான். அவள் திரும்பவில்லை. அவன் கூப்பிடவில்லை. கோட்டைத் தோளில் போர்த்தப் பார்த்தான்; ரப்பர் குழாய்கள் இடித்ததில் அது நழுவியது. மறுபடி எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டான். நான் மூச்சு வாங்கக் கொஞ்சம் தள்ளி நின்றேன். கிட்டே போனால் இரண்டு பேரையும் அறைந்துவிடுவேன் போல இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மாடி பஸ் வந்தது. வரிசை ஏறியது. நடத்துநர் லென்னுக்குக் குறுக்கே கையை நீட்டினார். "மேல ஒரு ஆளுக்குத்தான் இடம். அடுத்ததுல வாங்க."

டாஃப்னி படியில் கால் வைத்தாள். பஸ் மெல்ல உருள ஆரம்பித்தது. அவள் குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. கிளம்பிய உடம்பு அவசரப்படாமல் பின்னாலேயே போனது. ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு பலகையில் இறங்கியது. குளத்தில் பார்த்த அதே நடை.

"டாஃப்னி! பையி! பஸ்சுக்குக் காசு வேணாமா?" லென் ஓடினான். அவள் அதற்குள் பின்புறத்து வளைந்த படிக்கட்டில் பாதி ஏறியிருந்தாள். அவன் பஸ்ஸோடு சேர்ந்து ஓடியபடி கைப்பையைத் தூக்கிப் பிடித்தான். ஆறு மணிக்கு ஏறாத கை, தலைக்கு மேலே, எட்டும் மட்டும் உயர்ந்திருந்தது. மேலே ரப்பர் கையுறை ஒன்று கைப்பிடிக் கம்பியை விட்டு அவன் பக்கம் நீண்டதைப் பார்த்தேன். பிறகு பனியில் பஸ்ஸின் சிவப்பு விளக்கும், அதோடு ஓடும் காலடிச் சத்தமும்தான்.