நாற்பத்தொன்றாம் எண்ணுக்குச் சளி

நாற்பத்து மூன்று நாள் நான் வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அந்த நாற்பத்து மூன்று நாளும் ஒழுங்காக வகுப்பில் இருந்திருக்கிறேன். பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்தாலும் இவ்வளவு நல்ல வருகை எனக்கு இதுதான் முதல் தடவை.

உபயம், விடுதியில் பக்கத்து அறை ரேடியோ. நாலைந்து குரலில் பேசுவான் என்பதால் அந்தப் பெயர். எங்கள் துறையில் முதல் பீரியடில் எண்ணைக் கூப்பிடும்போது 'எஸ் சார்' சொல்லிவிட்டால் அன்று முழுக்க வந்ததாகக் கணக்கு. வகுப்பில் எண்பது பேர். புள்ளியியல் சார் பதிவேட்டைவிட்டுத் தலையைத் தூக்குவதில்லை. ரேடியோ தன் எண்ணுக்குத் தன் குரல், நாற்பத்தொன்றான எனக்கு மூக்கடைத்த குரல் என்று பிரித்து வைத்திருந்தான்.

நான் போகாததற்குக் காரணம் அக்கா. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டி, 'இப்போ தெரியுதா? இப்போ?' என்று கேட்கிற வேலை. பத்து நாள் காய்ச்சல். பதினோராம் நாள் ஆள் இல்லை. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு நான் எழுதும் நையாண்டியெல்லாம் முதலில் அவளுக்குத்தான் போகும். 'சிரிப்பு வரலடா' என்று பதில் வரும். ஒரு தடவைகூட வேறு பதில் வந்ததில்லை. சுவர் முன்னால் கூட்டம் நின்று சிரித்தாலும், அந்தப் பதில் வந்தால்தான் எனக்கு எழுதி முடித்த மாதிரி இருக்கும்.

எல்லாம் முடிந்து விடுதிக்குத் திரும்பினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குளியலறை வரை போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான். கட்டிலிலிருந்து பதினெட்டு தப்படி, படுத்துக்கொண்டே எண்ணியிருக்கிறேன். பல் தேய்க்க வேண்டும் என்று காலையில் தோன்றினால், சாயங்காலம் வரை அது தலைமாட்டில் நின்றுகொண்டிருக்கும். அம்மா போன் பண்ணும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்து, நல்லாயிருக்கேன், கிளாஸுக்கு நேரமாச்சு என்பேன். நானும் நல்லாத்தான் இருக்கேன் என்பாள் அம்மா. ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம்.

ஒருநாள் அக்காவின் முகம் ஞாபகத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பயந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கல்லூரி டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது சோம்பேறித்தனம் இல்லை, மனச்சோர்வு என்றார். மாத்திரை கொடுத்தார். இந்த செமஸ்டருக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து சிகிச்சை எடுக்கச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார். கூடவே நானும் ஒன்று எழுத வேண்டும். எழுதினேன். மூன்றாவது வரியில் அது நையாண்டியாகிவிட்டது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை இரண்டாவது வரியிலேயே.

ஒருவழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், துறை கிளார்க் பதிவேட்டைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒருநாள்கூட லீவு போடாதவனுக்கு எதுக்கு தம்பி லீவு?"

புள்ளியியல் சார் பதிவேட்டைத் திருத்தினால்தான் காரியம் நடக்கும் என்றார் கிளார்க். திருத்த வேண்டுமானால் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால், எனக்காகக் குரல் கொடுத்த குற்றத்துக்கு ரேடியோவுக்கு ஒரு செமஸ்டர் போய்விடும். சொல்லாவிட்டால் எனக்கு அதே கட்டில், அதே பதினெட்டு தப்படி.

ரேடியோவிடம் சொன்னேன். அவன், சார் ஒரு மாதமாக விசாரித்துக்கொண்டே இருந்ததைச் சொன்னான். நாற்பத்தொண்ணு, சளி இன்னும் போகலையாப்பா, ஆவி பிடி என்பாராம். பிடிக்கிறேன் சார் என்று இவன் சொல்வானாம்.

என் உடம்புக்கு என்ன என்று ஒரு மனிதர் தினமும் கேட்டிருக்கிறார். கேட்ட இடத்தில் நான் இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

"நீ குரல் குடுக்காம இருந்திருந்தா மூணாம் நாளே யாராவது தேடி வந்திருப்பாங்கடா."

"நான் வந்தேன். தினம் கதவத் தட்டுனேன். நீ தூங்குற மாதிரி நடிச்ச."

உண்மைதான். தட்டுகிற சத்தம் நிற்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன்.

"சொல்லிடு," என்றான். "எனக்கும் தொண்டை வலிக்குது."

மறுநாள் முதல் பீரியட். நாற்பத்தொன்று என்றார் சார். ரேடியோ வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து, "எஸ் சார்" என்றேன். வருஷத்தில் முதல் தடவையாக அவர் தலை நிமிர்ந்தது.

"சளி போயிடுச்சா?"

"சளி இல்ல சார். எங்க அக்கா செத்துட்டா. நாப்பத்து மூணு நாள் நான் வரவே இல்ல. எந்திரிக்க முடியல."

நாலு வரி. கடிதத்தில் வராத நாலு வரி.

அப்போ இத்தனை நாள் யார் பதில் சொன்னது என்று கேட்டார். ரேடியோ எழுந்தான். பயத்தில் சொந்தக் குரல் வரவில்லை. மூக்கடைத்த குரலில், "நான்தான் சார்" என்றான்.

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு தொண்டை வரை வந்தது. இதை யாருக்கு அனுப்புவது என்று ஒரு கணம் தோன்றியது. அங்கேயே நின்றுவிட்டது.

சார் சிரிக்கவில்லை. பீரியட் முடிந்ததும் இரண்டு பேரும் கடிதத்தோடு துறைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். அப்புறம் வராதவர்களுக்குக் குறிக்கும் சிவப்புப் பேனாவைத் திறந்து, பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, என் எண்ணுக்கு நேரே ஒவ்வொரு நாளாக அடித்து எழுத ஆரம்பித்தார். நாற்பத்து மூன்றுக்கும் நின்றுகொண்டே இருந்தேன். அந்த நாட்களை இன்னொரு ஆள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இன்றைய கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

"இன்னைக்கு?"

"வந்திருக்கேன் சார்."

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, சட்டைப் பையில் நீலத்தைத் தேடினார்.