வ்ரேனி வீட்டு வெளிச்சம்

1941 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்ந்ததும், வ்ரேனி ஸ்பிண்டனின் வீடு சுவரோடு கூரையோடு ஒளிவிடத் தொடங்கியது. உள்ளே விளக்கு ஏதும் எரியவில்லை. அவள் புருஷன் வெர்னர் லிஸ்பனில் கோதுமைக் கப்பல் ஏறிய நாள் அது. கடலே இல்லாத எங்கள் சுவிட்சர்லாந்துக்கு ரொட்டி வேண்டுமென்றால் கப்பல் ஓடித்தான் ஆகவேண்டும். போரில் சேராத நாட்டுக் கப்பல், கொடி தெரியும்படி இரவெல்லாம் விளக்கெரித்துப் போகவேண்டும். ஊருக்குள்ளோ விமானங்களுக்குத் தெரியாதபடி இருட்டடிப்பு, ஜன்னலில் ஒரு கீற்று தெரிந்தாலும் புகார்.

இருட்டடிப்பைக் கவனிக்கும் பொறுப்பு பாலாடைக்கட்டி செய்யும் ஸ்டக்கியுடையது. ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டுப் பார்த்தார். வெளிச்சம் மரப்பலகை வழியே வந்தது. குண்டுக்குப் பயந்து ஊர் அந்தப் பக்கம் போவதையே விட்டது. மூன்று வருஷம் அவளிடம் பேசிய ஒரே ஆள், பாவம், தினமும் புகார் எழுத வந்த ஸ்டக்கிதான்.

1944 ஏப்ரலில் வடக்கே எங்கள் நாட்டு நகரம் ஒன்றில் தவறிப்போய்க் குண்டு விழுந்தது. ஆகஸ்டில் விமான இரைச்சல் கேட்டதும், வைக்கோல் மூடும் தார்ப்பாய்களோடு ஊரே அவள் வாசலில் திரண்டது.

"வேணாங்க," என்றாள் வ்ரேனி. "மூடினா அங்க கப்பலும் இருட்டாயிடும். கொடி தெரியலன்னா அடிச்சிருவாங்க."

"ஒரு மணி நேரந்தாம்மா," என்றார் ஸ்டக்கி. "எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

"எனக்கு அவரு ஒருத்தர்தானே இருக்காரு!"

மூடினோம். விமானங்கள் எங்களைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போயின. தார்ப்பாயை இழுத்தபோது வீடு இருண்டிருந்தது. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அதே நாள், அதே மணியில், கப்பலின் விளக்குகள் காரணமில்லாமல் அணைந்திருக்கின்றன. எதிரிக் கப்பலென்று நினைத்து யாரோ அடித்து மூழ்கடித்துவிட்டார்கள்; வெர்னர் பிழைக்கவில்லை. யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற முகம் யாருக்கு இருந்தது?

செப்டம்பரில் அரசாங்கம் இருட்டடிப்பை நீக்கியது. எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டோம். வ்ரேனி வீட்டில் மட்டும் பல்பு எரியவில்லை. அடுப்பு நெருப்பு சூடு தந்தது, வெளிச்சம் தரவில்லை. ஸ்டக்கி வழக்கமான நேரத்துக்குப் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"இனி எழுத ஒண்ணுமில்ல, வ்ரேனி."

"தெரியும். உள்ள வாங்க. இடப்பக்கம் மேசை, இடிச்சுக்காதீங்க."

இப்போது முறை வைத்துக்கொண்டு எல்லோரும் போகிறோம். அந்த வீட்டுக்கு யாரும் விளக்கு எடுத்துப் போவதில்லை. அவள் இருட்டிலேயே ஒரு சொட்டு சிந்தாமல் காபி ஊற்றுகிறாள். மன்னித்தேன் என்று மட்டும் இதுவரை சொல்லவில்லை. எங்கள் முகம் அவளுக்குத் தெரியாதது நல்லதென்று குடித்துக்கொண்டிருக்கிறோம்.