தூணோரத்து நாற்காலி

அமெரிக்காவில், யூஜின் நகரத்து அந்தத் தேவாலயத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதுகூட அவரவர் பாடு. வருகிறவர்களில் பாதிப் பேர் நாத்திகர்கள், ஆனாலும் ஞாயிறு தவறமாட்டார்கள். ஹிசமட்சுவுக்கு முதலில் இது பெரிய நிம்மதியாக இருந்தது. போகப் போக அதுவே தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது.

ஜப்பானில் அவர் 'நோ' என்னும் பழைய முகமூடி நாடகத்தில் நடிகர். கதாநாயகர் அல்ல. அங்கே முகமூடி போட்டு ஆடும் கதாநாயகர் ஒரு பேய். மேடையோரத் தூணருகே உட்கார்ந்து அதன் துயரத்தைக் கேட்பது வழிப்போக்கராக வரும் துறவி. காலமெல்லாம் இவர் அந்தத் துறவிதான். "நீ யார்? உன் கதையைச் சொல்" என்று கேட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லித் தீர்த்ததும் பேய் சாந்தியடைந்து போய்விடும்.

மனைவி சுமியே கேலி செய்வாள். "ஏங்க, ஊர்ல இருக்கிற பேயெல்லாம் உங்ககிட்டதான் வந்து அழுவுது. நானும் செத்தப்புறம் வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போறேன், இருங்க."

செத்துப் போனாள். வரத்தான் இல்லை. மகள் அவரை இங்கே கூட்டி வந்துவிட்டாள். அம்மா என்றாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும், அதனால் வீட்டிலும் அந்தப் பேச்சில்லை. சுமியே என்ற பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது.

தேவாலயத்தில் அவருக்குத் தூணோரம் ஒரு நாற்காலி. காபிக் கோப்பையோடு எல்லோரும் அங்கேதான் வருவார்கள். விவாகரத்து, மூட்டுவலி, பேசாத பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "உங்ககிட்ட பேசினா மனசு லேசாயிடுது" என்று போய்விடுவார்கள். அவர் முகத்தில் ஏதோ ஞானம் தெரிகிறதாம்! சுமியே கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஆராதனை நடுவே விருப்பமுள்ளவர் முன்னே போய், மணல் கிண்ணத்தில் மெழுகுவத்தி ஏற்றித் தன் சந்தோஷத்தையோ துக்கத்தையோ சொல்லலாம். அன்று சுமியேயின் முதல் நினைவுநாள். இன்று அவள் பெயரைச் சொல்லியே தீருவது என்று ஹிசமட்சு எழுந்து போனார். ஏற்றினார். திரும்பி நின்றார். கேட்டே பழகிய மனிதருக்குச் சொல்லத் தொடங்கத் தெரியவில்லை.

"பரவாயில்ல," என்றாள் இளம் போதகர் ஹோலிஸ், கனிவாக. "பேசாம ஏத்துற மெழுகுவத்திக்கும் இங்க இடம் உண்டு."

எல்லோரும் மரியாதையாகத் தலை குனிந்தார்கள். பாழாய்ப்போன மரியாதை! ஹிசமட்சு தம் நாற்காலிக்குத் திரும்ப அடியெடுத்து வைத்தார்.

"இருங்க, இருங்க." முன்வரிசையில் கிழவி மார்லிஸ் தடியை ஊன்றி எழுந்தாள். எதையும் நம்பாதவள், யாரையும் விடாதவள்.

"மார்லிஸ், கட்டாயப்படுத்தக் கூடாது," என்றாள் ஹோலிஸ்.

"நீ சும்மா இரும்மா. எத்தனை மாசமா இந்த மனுஷன்கிட்ட என் மருமக புராணத்தைப் பாடியிருக்கேன். இவரு யாருன்னு ஒரு நாள் கேட்டேனா?" அவரைப் பார்த்துத் திரும்பினாள். "யாருங்க நீங்க? யாருக்காக ஏத்தினீங்க? சொல்லுங்க."

மேடையில் எத்தனையோ பேய்களிடம் அவர் கேட்ட கேள்வி. அவரை யாரும் கேட்டதில்லை.

"சுமியே," என்றார். "என் மனைவி. செத்தா வந்து பேசறேன்னு சொன்னா. தினமும் சாயங்காலம் சமையலறை ஓரமா உட்கார்ந்து பாக்கறேன். இன்னும் வரல."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மார்லிஸ் ஆறுதல் சொல்லவில்லை. பேயை நம்பாத அந்தக் கிழவி, தூணோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து தடியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.