தொங்கவிட்ட இழை

மணல் ஏற்றிய நான்கு லாரிகள் பாலத்தின் நடுவில் வரிசையாக வந்து நின்றன. கரையோரக் கூடாரத்தில் இருந்த திரையில் கோடு அசையவே இல்லை. யாரோ கை தட்டினார்கள். மேற்பார்வைப் பொறியாளர், பாலத்தைச் சோதிக்க வந்த கம்பெனியின் முதலாளியான அவளுடைய அண்ணனின் தோளில் தட்டி, "ஓட்டைப் பாலம்னு சொன்னாங்க, கல்லு மாதிரி நிக்குதேய்யா!" என்றார். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

அவள் மட்டும் கை தட்டவில்லை.

சுமை ஏறினால் இரும்பு நீளும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் நீளாமல் இருக்காது. அதைப் பிடிக்கத்தான் உத்திரத்தின் அடியில் தலைமுடியைப் போன்ற கண்ணாடி இழை ஒன்றை அவள் ஒட்டியிருந்தாள். இரும்போடு சேர்ந்து இழையும் நீளும். உள்ளே அனுப்பும் ஒளி திரும்பி வரும்போது அதன் நிறம் ஒரு துளி மாறியிருக்கும். வெப்பம் ஏறினாலும் நிறம் மாறும் என்பதால், பக்கத்திலேயே இன்னோர் இழையை எதிலும் ஒட்டாமல் ஒரு குழாய்க்குள் தொங்கவிட்டிருந்தாள். அது வெப்பத்தை மட்டும் சொல்லும். ஒட்டிய இழை சொல்வதிலிருந்து தொங்கும் இழை சொல்வதைக் கழித்தால் மிஞ்சுவது சுமை. மிச்சம் ஒன்றுமே இல்லை என்கிறது திரை. நான்கு லாரிக்கும் நீளாத இரும்பை எந்த உலையில் காய்ச்சினார்கள்?

லாரிகள் இறங்கியதும் யாரிடமும் சொல்லாமல் ஏணி வழியாக உத்திரத்துக்கு அடியில் போனாள். குழாயைக் காணவில்லை. தொங்கவேண்டிய இழை, ஒட்டிய இழைக்குப் பக்கத்தில் கோடு போட்டதைப் போல நேராக ஒட்டப்பட்டு, மேலே பெயின்ட்டும் அடிக்கப்பட்டிருந்தது.

மேலே வந்து அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள். "குழாய எடுத்தது யாரு?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். அரைகுறையா தொங்கிட்டு இருந்துச்சு. பெரிய ஆளுங்க வர்ற இடம் பாப்பா. நீ ஒட்ட மறந்துட்டேன்னு நெனச்சு ஆளுங்கள விட்டு ஒட்டிட்டேன். பாக்க நீட்டா இல்ல?"

"அது தொங்கணும்ணே. தொங்குறதுதான் அதோட வேலையே. ரெண்டும் சேந்து நீண்டா, கழிச்சா என்ன வரும்? முட்டதான் வரும்."

அண்ணனின் சிரிப்பு மெல்லக் கழன்றது. தொழில் தெரிந்தவன், ஒரு நொடியில் புரிந்துகொண்டான். கூடாரத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த மாசம் வந்து மாத்திக்கலாம். இப்ப பாலம் தாங்கும்னு கையெழுத்தப் போடு. சாயங்காலம் பாலத்தத் திறந்து லாரிய விடப்போறாங்க."

தெரியாமல் ஒட்டியதற்கு அவள் கோபப்பட்டிருக்கமாட்டாள். புரிந்த பிறகும் இதைச் சொல்கிறானே என்றுதான் உடம்பு எரிந்தது. சிறுவயதிலிருந்தே அவள் வாய் திறக்காத நேரமெல்லாம் அவனுக்குச் சம்மதம்தான். இப்போதும் அவள் பேசவில்லை. அவன் நிம்மதியாகப் பேனாவை நீட்டினான்.

அதை வாங்காமல் கூடாரத்துக்குள் போய்க் கணினியில் அந்தக் கழித்தலை நிறுத்தினாள். காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. இரும்பின் வெப்பம் மாறியிருக்க வழியில்லை. வெளியே வந்து, எல்லோரும் மீசை என்று கூப்பிடும் லாரி ஓட்டுநரை அழைத்தாள்.

"உங்க வண்டி மட்டும் மெதுவா நடுவுல போங்கண்ணே. கை காட்டினா அப்படியே பின்னால வந்துடணும்."

"ஒண்ணு போதுமா மேடம்? மத்த மூணும் கோவிச்சுக்குமே."

"ஒண்ணே அதிகம்."

லாரி பாதி தூரம் போவதற்குள் கோடு எழும்பத் தொடங்கியது. நடுவுக்கு வந்தபோது அபாயத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டின் உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. அவள் ஓடிப்போய்க் கை காட்டினாள். ஒரே லாரிக்கு இது. இதே இடத்தில் நான்கு லாரிகள் நின்றதற்குத்தான் சற்றுமுன் கை தட்டியிருந்தார்கள்.

"வெயில் ஏறியிருக்கும் சார்" என்றான் அண்ணன்.

"எங்க வெயிலு? எனக்கும் காட்டுண்ணே!"

பொறியாளர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "மேலிடத்துக்குச் சொல்லியாச்சும்மா" என்றார். "இன்னிக்குத் திறந்துட்டு, அப்புறமா சரிபண்ணிக்கலாமே?"

அவருக்கும் புரிந்துவிட்டது. இருவரும் ஒரே மாதிரி அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தின் முகப்புக்கு நடந்தாள்.

"மீசையண்ணே, வண்டிய இங்க குறுக்க போடுங்க."

"குறுக்கவா? என்னயத்தான கேப்பாங்க?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. சாவியயும் குடுங்க."

அவர் பாலத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தாம் ஏறி இறங்கியது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பி வழியை அடைத்துவிட்டுச் சாவியை அவள் கையில் வைத்தார்.

அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "பாப்பா, கம்பெனி போயிடும்டி. உனக்கும் சேத்துத்தான சோறு போடுது?"

"போகட்டும்."

"அந்தச் சாவியக் குடு."

அவள் கொடுக்கவில்லை. திறப்பைப் பார்க்க முந்திக்கொண்டு வந்த கார் ஒன்று லாரிக்கு முன்னால் நின்று விடாமல் ஹாரன் அடித்தது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டி, "யாரும்மா இது, நட்டநடுவுல? வழிய விடுங்க!" என்று கத்தினார்.

"பாலம் தாங்காது" என்று அவளும் கத்தினாள். "சுத்திப் போங்க!"